ஸ்டிக்கர் இல்லாத றாமை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொம்பியூட்டர் திருத்தும் மேசை ஒன்று வைத்திருக்கிறேன். பிஸ்கட் ரின்னிலோ சொப்பிங் பையிலோ பழைய றாம்களை, அதாவது கொம்பியூட்டரின் நினைவகப் பலகைகளை, கொண்டு வந்து மேசையில் கொட்டி, "இதில் எது உதவும் என்று ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் உறவுகள் பார்சலில் போட்டு விட்டவை, மூடிய ரியூசன் நிலையத்து மெஷின்களில் கழற்றியவை, அண்ணன் வைத்துவிட்டுப் போனவை. பாதியில் ஸ்டிக்கர் இருக்காது. வெய்யிலில் காய்ந்து உதிர்ந்திருக்கும், அல்லது யாரோ உரித்திருப்பார்கள். அவற்றை வாசிக்கும் விதத்தைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதுகிறேன்.

சிப்பில் இருப்பது ஆங்கில எழுத்து. போனில் எனக்கு வாசித்துக் காட்டும்போது எப்படிச் சொல்வீர்களோ அப்படியே இங்கே எழுதியிருக்கிறேன். ரீ என்றால் ரீவியில் வரும் ரீ. டி என்றால் டிவிடியில் வரும் டி. வெறுமனே பி என்று எழுதினால் அது பேபியில் வரும் பி. பேப்பரில் வரும் பி என்றால் பேப்பர்-பி என்றே சொல்லியிருக்கிறேன். போனிலும் அப்படியே சொல்லுங்கள். இந்த ஓர் எழுத்து மாறியதால் பிழையான றாம் வாங்கியவர்கள் உண்டு.

ஸ்டிக்கர் போய்விட்டது. இனி இது எறிகிற சாமான்தானா?

இல்லவே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டுவது றாமைச் செய்து விற்ற கொம்பனி. அதன் மேல் இருக்கும் கறுப்புச் சிப்புகளைச் செய்தது பெரும்பாலும் வேறு கொம்பனி. அந்தச் சிப் கொம்பனி தன் எழுத்தை லேசரால் பொறித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. ஸ்டிக்கர் உரிந்தாலும் பொறித்த எழுத்து உரியாது. எந்த வகை, எவ்வளவு கொள்ளளவு, எந்த வேகம் என்ற மூன்றும் அந்த எழுத்தில் இருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போடுவதற்கு முன் பத்து நிமிடம் செலவழியுங்கள். ஒரு பிள்ளையின் பழைய மெஷினை இன்னும் இரண்டு வருடம் ஓட வைக்கும் றாம் அதற்குள் இருக்கலாம்.

எழுத்தை வாசிக்க முன் எதைப் பார்க்க வேண்டும்?

கீழ் விளிம்பில் உள்ள வெட்டை. தங்க நிறக் கால்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டு இருக்கும். றாமின் வகைகள் வந்த வரிசை எஸ்டிறாம், டிடிஆர், டிடிஆர்2 என்று டிடிஆர்5 வரைக்கும். வகைக்கு வகை அந்த வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பிழையான ஸ்லொட்டில் ஏறாமல் இருப்பதற்காக.

டெஸ்க்டொப் றாம் எல்லாம் கிட்டத்தட்ட 13 சென்ரிமீற்றர் நீளம். இரண்டு வெட்டு இருந்தால் அது பழைய எஸ்டிறாம், மொத்தம் 168 கால். ஒரு வெட்டும் 184 காலும் என்றால் முதலாவது டிடிஆர். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 கால்தான், அதனால்தான் குழப்பம். பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை எடுத்து வெட்டின் இரு பக்கமும் உள்ள கால் வரிசையை அளந்து பாருங்கள். டிடிஆர்2 இல் ஒரு பக்கம் 63 மில்லிமீற்றர், மறுபக்கம் 55. அதாவது வெட்டு ஏறக்குறைய நடுவில். டிடிஆர்3 இல் 71 உம் 47 உம். வெட்டு நன்றாக ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அடிமட்டம் இல்லையென்றால் பலகையின் ஒரு முகத்தில் வெட்டின் இரு புறமும் உள்ள கால்களை எண்ணுங்கள். 64 உம் 56 உம் வந்தால் டிடிஆர்2, 72 உம் 48 உம் வந்தால் டிடிஆர்3.

டிடிஆர்4 இல் 288 கால். கீழ் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் நடுப்பக்கம் சற்றுப் பிதுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். டிடிஆர்5 உம் 288 காலே, வெட்டின் இடம் வேறு.

லப்டொப் றாம் சிறியது. டிடிஆர், டிடிஆர்2 இரண்டுக்கும் 200 கால், வெட்டு ஓரத்துக்குக் கிட்ட. டிடிஆர்3 என்றால் 204 கால், வெட்டு நடுப்பக்கம் நகர்ந்துவிடும். டிடிஆர்4 இல் 260, டிடிஆர்5 இல் 262. அந்த 200 கால் சோடியைப் பிரிக்கச் சிப்பைப் பாருங்கள். பக்கத்தில் கம்பிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் முதலாவது டிடிஆர். கால் எதுவும் தெரியாமல் சிப் பலகையோடு படிந்திருந்தால் பெரும்பாலும் டிடிஆர்2.

ஸ்லொட்டில் ஏறவில்லை என்றால் அழுத்த வேண்டாம். வெட்டை அரத்தால் அராவி ஏற்றிய ஒருவரைக் கண்டிருக்கிறேன். மின்னழுத்தமே வேறு: எஸ்டிறாமுக்கு 3.3 வோல்ற், பிறகு 2.5, 1.8, 1.5, 1.2, டிடிஆர்5 இல் 1.1 என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அவருடைய றாமும் போய் மதர்போட்டும் போனது.

எழுத்து கண்ணுக்கே தெரியவில்லையே?

நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது. கறுப்பில் சாம்பல் நிறத்தில் பொறித்த எழுத்து அது. காலை வெய்யில் சாய்ந்து விழும் விறாந்தையில் றாமைக் கையில் பிடித்து மெதுவாகச் சரித்துப் பாருங்கள். ஒரு சரிவில் எழுத்து அப்படியே எழும்பி வரும். இரவென்றால் ரோர்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். போன் கமராவைக் கிட்டக் கொண்டு போக வேண்டாம், மங்கிவிடும். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பெரிதாக்கி எடுங்கள்.

மங்கிய சிப்போடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஒரு றாமில் எட்டுச் சிப் இருந்தால் எட்டிலும் வழக்கமாக ஒரே எழுத்துத்தான். இரண்டாவதில் தெரியாத எழுத்து ஐந்தாவதில் தெளிவாக இருக்கும். 8 ஐயும் பி ஐயும், 5 ஐயும் எஸ் ஐயும், 6 ஐயும் ஜி ஐயும் குழப்பாமல் வடிவாகப் பார்த்து எழுதுங்கள்.

பலகையில் 94வி-0 என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஏதேதோ வருகிறதே?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். 94வி-0 என்பது றாமின் பெயரே இல்லை. அந்தப் பச்சைப் பலகை தீப்பிடித்தால் எவ்வளவு கெதியாக அணையும் என்பதற்கான தரக் குறி. றாமில் மட்டுமல்ல, ரீவிக்குள் உள்ள பலகையிலும் அதே எழுத்து இருக்கும். பக்கத்தில் ஈ என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருந்தால் அதுவும் பலகை செய்தவரின் பதிவு எண்தான். கொரியா, தாய்வான் என்று நாட்டுப் பெயர் இருந்தாலும் அதில் இருந்து கொள்ளளவு தெரியாது. நமக்கு வேண்டியது கறுப்புச் சிப்பின் முதுகில் உள்ள எழுத்து மட்டும்.

சரி, சிப்பில் மூன்று வரி இருக்கிறது. எங்கே தொடங்குவது?

போன மாதம் சாவகச்சேரியில் இருந்து வந்த ஓர் அக்கா கொண்டு வந்த றாமையே எடுப்போம். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு, மொத்தம் 16 சிப். வெட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது, ஆகவே டிடிஆர்3. சிப்பில் இப்படி இருந்தது:

எஸ்ஈசி 113 எச்சிஎச்9
கே4பி2ஜி0846டி

மூன்றாவது வரியில் ஏதோ நீண்ட எண். அது தொழிற்சாலையின் தொகுதி எண், விட்டுவிடலாம்.

எஸ்ஈசி என்றால் சம்சுங். இனி இரண்டாவது வரியைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். கே4 என்பது சம்சுங்கின் நினைவகச் சிப் என்பதற்கான தொடக்கம். அடுத்த எழுத்துத்தான் வகை. பி என்றால் டிடிஆர்3. அந்த இடத்தில் எஸ் இருந்தால் எஸ்டிறாம், எச் இருந்தால் முதலாவது டிடிஆர், ரீ இருந்தால் டிடிஆர்2, ஏ இருந்தால் டிடிஆர்4. வெட்டு சொன்னதும் எழுத்து சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று இந்த இடத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

அடுத்து 2ஜி. இந்த ஒரு சிப்பின் கொள்ளளவு 2 கிகாபிற். அதற்கு அடுத்த 08, சிப் ஒரே நேரத்தில் எத்தனை பிற்றுகளைக் கொடுக்கும் என்பது. இங்கே எட்டு. 04 என்றால் நான்கு, 16 என்றால் பதினாறு. 46 என்பது உள்ளமைப்பும் மின்னழுத்தமும், கடைசி டி அந்தச் சிப்பின் எத்தனையாவது தலைமுறை என்பது. வாங்கி விற்க அவை தேவைப்படாது.

மேல் வரியில் எச்சிஎச்9 இன் கடைசி இரண்டு எழுத்தும் வேகம். எச்9 என்றால் 1333. முழுவதையும் சேர்த்தால் சம்சுங், டிடிஆர்3, 2 கிகாபிற், 1333. அக்கா அதை 2 ஜிபி என்று நினைத்துக் கொண்டு வந்தவர். கணக்குப் போட்டால் அது 4 ஜிபி.

எப்படி 4 ஜிபி வந்தது? சிப்பில் 2ஜி என்றுதானே இருக்கிறது?

சிப்பில் இருப்பது பிற். நாம் கடையில் கேட்பது பைற். எட்டுப் பிற் சேர்ந்தால் ஒரு பைற். ஆகவே ஒரு சிப்பின் கிகாபிற்றைச் சிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி எட்டால் பிரியுங்கள். 2 × 16 = 32, எட்டால் பிரித்தால் 4. எட்டுச் சிப் மட்டும் இருந்திருந்தால் 2 ஜிபி.

எண்ணும்போது பெரிய, ஒரே மாதிரியான சிப்புகளை மட்டும் எண்ணுங்கள். நடுவிலோ ஓரத்திலோ எட்டுக் காலோடு அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக ஒன்று இருக்கும். அது நினைவகம் இல்லை. அதன் வேலையைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்கு சிப் மட்டும் உள்ள றாமைப் பார்த்து "பாதி கழற்றிவிட்டார்கள்" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அப்படி இல்லை. டிடிஆர்4 வரைக்கும் மெஷினுக்கு ஒரே நேரத்தில் 64 பிற் வேண்டும். எட்டுப் பிற் சிப் என்றால் எட்டு வேண்டும், பதினாறு பிற் சிப் என்றால் நான்கே போதும். 8 கிகாபிற் சிப் நான்கு இருந்தால் 4 ஜிபி. முழுமையான றாம்தான்.

ஒன்பது சிப் இருக்கிறதே?

9 அல்லது 18 என்று ஒன்பதின் மடங்கில் வந்தால் அது பிழை திருத்தும் றாம், பெரும்பாலும் சேர்வரில் கழற்றியது. ஒவ்வோர் எட்டுச் சிப்புக்கும் ஒரு காவல் சிப். கணக்குப் போடும்போது அந்தக் காவல் சிப்பை விட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பார்சலில் இது அடிக்கடி வருகிறது. அங்கே ஒபிஸ்களில் சேர்வர் மாற்றும்போது கழித்துவிட்டதை நல்ல மனத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். நடுவில் நினைவகச் சிப் போல் இல்லாத இன்னொரு சிப் படுத்திருந்தால் அது பதிவேட்டுச் சிப் உள்ள சேர்வர் றாம். டிடிஆர்4 வரைக்கும் வீட்டு டெஸ்க்டொப்பின் ஸ்லொட்டில் அது ஏறும், ஆனால் மெஷின் எழும்பாது. பார்சல் கட்ட முன் சிப்பை எண்ணிச் சொல்லும்படி உறவுகளிடம் சொல்லிவைத்தால் தபால் செலவு மிச்சம்.

ஹைனிக்ஸ், மைக்ரோன், நான்யா என்று வேறு பெயர்களும் இருக்கின்றனவே?

வழி ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு. ஹைனிக்ஸில் எச்5ரீகியூ என்றால் டிடிஆர்3, எச்5ரீசி என்றால் குறைந்த மின்னழுத்த டிடிஆர்3, எச்5ஏஎன் என்றால் டிடிஆர்4. பழையவை எச்வை என்று தொடங்கும்: எச்வை57வி எஸ்டிறாம், எச்வை5டியூ முதலாவது டிடிஆர், எச்வை5 க்குப் பிறகு பேப்பர்-பி எஸ் வந்தால் டிடிஆர்2. எச்5ரீகியூ2ஜி83 என்று இருந்தால் 2ஜி கொள்ளளவு, 8 என்பது எட்டுப் பிற் சிப்.

பழைய சிப்புகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிகா வருவதற்கு முன் 128, 256, 512 மெகாபிற் சிப்புகள். இடம் காணாது என்று இரண்டு இலக்கமாகச் சுருக்கினார்கள். 128 ஐ 28 என்றும் 256 ஐ 56 என்றும் இரண்டு கொம்பனியுமே எழுதும். 512 வந்ததும் பிரிந்துவிட்டார்கள். சம்சுங் முன் இரண்டை எடுத்து 51 என்று போட்டது, ஹைனிக்ஸ் பின் இரண்டை எடுத்து 12 என்று போட்டது. ஆகவே எச்வை5டியூ12822 என்பதில் உள்ள 12 ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 512.

மைக்ரோனின் முழுப் பெயர் எம்ரீ என்று தொடங்கும். 48எல்சி எஸ்டிறாம், 46வி டிடிஆர், 47எச் டிடிஆர்2, 41ஜே டிடிஆர்3, 41கே குறைந்த மின்னழுத்த டிடிஆர்3, 40ஏ டிடிஆர்4. அதற்குப் பின் 256எம்8 என்று வரும். அதைப் பெருக்குங்கள்: 256 × 8 = 2048 மெகாபிற், அதாவது 2 கிகாபிற். நான்யாவும் இதே முறை. என்ரீ5சிபி என்றால் டிடிஆர்3, என்ரீ5ரீயூ என்றால் டிடிஆர்2.

எல்பிடா சிப்புகளில் ஜே2108 என்று தொடங்கினால் டிடிஆர்3, 2 கிகாபிற், எட்டுப் பிற். ஈ1108 என்றால் டிடிஆர்2, 1 கிகாபிற். அந்த ஜப்பான் கொம்பனி 2012 இல் நொடித்துப் போய், 2013 இல் மைக்ரோனின் கைக்குப் போனது. சிப்புகள் மட்டும் இன்னும் நம் மேசைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டி9 என்று தொடங்கும் ஐந்து எழுத்து மட்டும் இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

அது மைக்ரோன். கால் தெரியாத சிறிய சிப்பில் முழுப் பெயர் எழுத இடமில்லாததால் ஐந்து எழுத்துச் சுருக்கம் போடுகிறார்கள். அதை மூளையால் பிரிக்க முடியாது. மைக்ரோனின் இணையத்தளத்திலேயே அந்த ஐந்து எழுத்தைக் கொடுத்து முழுப் பெயரை எடுக்கும் வசதி இருக்கிறது. முழுப் பெயர் கிடைத்ததும் மேலே சொன்ன மாதிரிப் பெருக்குங்கள்.

வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மைக்ரோனில் கணக்கே போடலாம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பெயரின் கடைசியில் கோடு போட்டு ஓர் எண் இருக்கும். அது ஒரு துடிப்புக்கு எத்தனை நனோசெக்கன் என்பது. 125 என்றால் 1.25 நனோசெக்கன். 1000 ஐ 1.25 ஆல் பிரித்தால் 800. டிடிஆர் ஒரு துடிப்பில் இரண்டு தரம் தரவு கொடுப்பதால் இரண்டால் பெருக்குங்கள்: 1600. 15ஈ என்றால் 1.5 நனோசெக்கன், 1333. டிடிஆர்2 இல் 25ஈ என்றால் 2.5, அதாவது 800. முதலாவது டிடிஆரில் 5பி என்றால் 5 நனோசெக்கன், 400.

மற்றவர்களுடையதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியதுதான். டிடிஆர்3 இல் சம்சுங்கின் எஃப்8 என்றால் 1066, எச்9 என்றால் 1333, கே0 என்றால் 1600. ஹைனிக்ஸில் ஜி7 1066, எச்9 1333, பேப்பர்-பி பேபி-பி என்று வந்தால் 1600. எச்9 இரண்டு கொம்பனியிலும் ஒன்றே. ஆனால் டிடிஆர்4 இல் அப்படி நம்ப வேண்டாம். அங்கே அதே பேப்பர்-பி பேபி-பி சம்சுங்கில் 2133 ஐக் குறிக்கும்.

இரண்டு வேகத்தில் உள்ள றாம்களைச் சேர்த்துப் போட்டால் வழக்கமாக இரண்டும் மெதுவானதின் வேகத்தில் ஓடும். கெட்டுப்போகாது.

நண்பனின் மெஷினில் ஓடும் 4 ஜிபி என்னுடையதில் ஏன் எழும்பவில்லை? இரண்டும் டிடிஆர்3தானே?

இந்தக் கேள்விக்காகவே சிப்பை வாசிக்கப் பழகலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்து மெஷினுக்குக் கொழும்பில் ஒரு கடையில் புதிய 4 ஜிபி றாம் எடுப்பித்தேன். மதர்போட்டில் இருந்தது இன்டெலின் ஜி41 சிப்செட், அதாவது றாமைக் கையாளும் கட்டுப்பாட்டுச் சிப். போட்டதும் திரை கறுப்பு. கடையில் "எங்கள் மெஷினில் ஓடுகிறது" என்றார்கள். உண்மைதான், அவர்களுடையது புதிய மெஷின். இரண்டு நாள் அலைந்தபின் சிப்பை வாசித்தேன். எட்டே சிப், ஒவ்வொன்றும் 4ஜி. ஜி41 க்கு ஒரு சிப்பில் 2 கிகாபிற் வரைக்கும்தான் தெரியும். அதைவிடப் பெரிய சிப்பை அது புரிந்துகொள்ளாது. அதே 4 ஜிபியை 2 கிகாபிற் சிப் பதினாறால் செய்த றாமைப் போட்டதும் எழும்பிவிட்டது.

அந்த அக்காவின் 16 சிப் றாமை நான் பொன்போல் பார்த்ததன் காரணம் அதுதான். ஜி41 போட் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு 4 ஜிபி தேடினால் இரு பக்கமும் சிப் உள்ளதாக, சிப்பில் 2ஜி என்று உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இணையத்தில் 4 ஜிபி டிடிஆர்2 மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

இன்டெல் இல்லாமல் ஏஎம்டி புரோசசர் போடும் மதர்போட் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். அந்த மலிவு றாம்களில் நான்கு பிற் சிப் பதினாறு இருக்கும். சம்சுங் முறையில் 08 வர வேண்டிய இடத்தில் 04. இன்டெல் டெஸ்க்டொப் சிப்செட்டுகள் எட்டுப் பிற், பதினாறு பிற் சிப்புகளைத்தான் ஏற்கும். விளம்பரத்தில் சிப்பின் படம் தெளிவாக இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டு எடுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

லப்டொப்பில் டிடிஆர்3 போட்டேன், எழும்பவில்லை. வெட்டு சரியாகத்தான் இருக்கிறது.

மின்னழுத்தத்தைப் பாருங்கள். 1.5 வோல்ற் டிடிஆர்3 உம் 1.35 வோல்ற் டிடிஆர்3 உம் வடிவத்தில் ஒன்றே. 1.35 வோல்ற் றாமைப் பழைய லப்டொப்பில் போட்டால் ஓடும். மறுவளமாக, 1.35 மட்டுமே கொடுக்கும் பிந்திய லப்டொப்பில் பழைய 1.5 ஐப் போட்டால் எழும்பாமல் போகலாம். ஹைனிக்ஸில் ரீகியூவா ரீசியா, மைக்ரோனில் 41ஜேயா 41கேயா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும்.

றாமின் மேல் தகரக் கவசம் இருக்கிறது. கழற்றலாமா?

மெஷினில் ஓடும் என்றால் கழற்ற வேண்டாம், மென்பொருளால் வாசிக்கலாம். கட்டாயம் என்றால் தலைமயிர் காய வைக்கும் கருவியால் இளஞ்சூடாக்கி, மெல்லிய தங்கூசியை (நைலோன் நூலை) இடையில் விட்டு அறுப்பது போல் இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் சிப்பும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

எந்த வருடத்து றாம்?

அக்காவின் சிப்பில் 113 என்று இருந்ததல்லவா? முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் வாரம். 2011, 13 ஆவது வாரம், அதாவது மார்ச் முடிவு. டிடிஆர்3 என்பதால் 2001 ஆக முடியாது. ஹைனிக்ஸிலும் இதே மூன்று இலக்கம், பின்னால் ஓர் எழுத்தோடு இருக்கும்.

சிப்பின் எழுத்தை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் சில றாம் கொம்பனிகள் சிப்பின் மேல் தங்கள் சொந்தப் பெயரையும் எண்ணையும் பொறித்துக்கொள்கின்றன. அங்கே மேலே சொன்ன முறை எதுவும் செல்லாது. சிப்பைச் சுரண்டிப் புது எழுத்து அடிக்கும் மோசடியும் உலகத்தில் இருக்கிறது. பக்கத்துச் சிப்பின் முதுகு மினுக்கமாகவும் இதனுடையது சொரசொரப்பாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இங்கேதான் அந்த எட்டுக்கால் சின்னச் சிப் வருகிறது. றாமின் பிறப்புச் சான்றிதழ் போல, வகை, கொள்ளளவு, வேகம், செய்தவர் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். மெஷின் எழும்பும்போது முதலில் வாசிப்பதும் அதைத்தான். விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்தால் அதில் உள்ளதைக் காட்டும். லினக்ஸில் டிகோட்-டிம்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதில் எழுதியிருப்பதையும் மாற்றி எழுத முடியும் என்பதால் நான் இரண்டையும் பார்ப்பேன். சிப் சொல்வதும் சான்றிதழ் சொல்வதும் ஒத்துப்போனால் அப்புறம் றாமைச் சோதிக்கும் மெம்ரெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓட விடுவேன். ஒரு பிழைகூட வராவிட்டால்தான் அது இன்னொருவரின் மெஷினுக்குப் போகும்.

எல்லாம் சரியாக வாசித்தேன், ஆனாலும் மெஷின் எழும்பவில்லை.

கால்களைப் பாருங்கள். காரைநகர், பருத்தித்துறை போலக் கடற்கரைப் பக்கம் கிடந்த றாமில் தங்க நிறம் மங்கிப் பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. மென்மையான வெள்ளை அழிறப்பரால் நீளவாட்டில் லேசாகத் தேய்த்து, தூளை ஊதாமல் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். கடும் அழிறப்பரால் அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும், அது மிக மெல்லியது. ஸ்லொட்டுக்குள் சுண்ணாகப் பக்கத்துச் செம்மண் தூசு இறுகியிருந்தால் அதையும் தூரிகையால் எடுங்கள். தொடுவதற்கு முன் மெஷினின் வெறும் இரும்புப் பகுதியை ஒருதரம் தொட்டுவிட்டு வேலை பாருங்கள்.

அடையாளம் கண்டபின் என்ன செய்வது?

மறுபடி தொலைத்துவிடாதீர்கள். கடதாசி ஒட்டு நாடாத் துண்டு ஒன்றில் பேனையால் எழுதி, சிப் எழுத்தை மறைக்காமல் பலகையின் மேல் ஓரத்தில் ஒட்டுங்கள். நான் எழுதும் முறை இது: "டிடிஆர்3, 4 ஜிபி, 16 சிப், 1333, 1.5 வோல்ற், சோதித்தது", பிறகு சோதித்த திகதி. அக்காவின் றாமில் அப்படி ஒட்டிக் கொடுத்தேன். அவருடைய மகனின் மெஷின் ஜி41.